வீடு ஏலத்தில் போன பின்பும் தொடரும் கடன்: திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஈடு வைத்த வீட்டை வங்கி ஏலத்தில் விற்றுவிட்டால் கடனும் அத்தோடு தீர்ந்தது என்று நம்பியிருக்கும் குடும்பங்கள் உள்ளன. சில மாதங்கள் கழித்து, விற்ற பணம் போதவில்லை, மிகுதியைச் செலுத்துங்கள் என்று பதிவுத்தபாலில் கடிதம் வருகிறது. அப்போது சிலர் பயந்துபோய் காட்டிய இடத்தில் கையொப்பம் இடுகிறார்கள். வேறு சிலர் கடிதத்தைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே கேடானவை. வீடு போனபின் செய்ய வேண்டிய முதல் வேலை கணக்கைக் கேட்பதுதான். எழுத்தில் கணக்கு கைக்கு வரும்வரை எந்தத் தொகையையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், எந்தப் புதிய தாளிலும் கையொப்பம் இடவும் வேண்டாம்.

இந்த நிலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பொறுப்பற்றுக் கடன் வாங்கியவர்கள் அல்லர். போர் முடிந்தபின் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதி கட்டவும், படகும் இயந்திரமும் வாங்கவும் வீட்டை ஈடு வைத்தவர்களின் வருமானத்தை 2019 ஏப்ரல் தாக்குதல்களும் அடுத்த ஆண்டு வந்த கொரோனா முடக்கமும் அடித்துக்கொண்டு போயின. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டிக்கு, அதாவது காலத்துக்குக் காலம் வீதம் ஏறி இறங்கும் வட்டிக்கு, கடன் எடுத்திருந்தவர்களின் மாதத் தவணை அவர்கள் கனவிலும் எண்ணாத அளவுக்கு ஏறியது. மாறும் வட்டி என்றால் என்னவென்று கையொப்பம் இட்ட அன்று அவர்களுக்கு யாராவது விளக்கினார்களா என்ற கேள்விக்குக் கீழே மீண்டும் வருவோம்.

படி 1: வீடு எந்த வழியால் போனது என்பதைக் கண்டறியுங்கள்

வங்கிகள் பெரும்பாலும் பயன்படுத்துவது, மக்கள் பராட்டே சட்டம் என்று அழைக்கும் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம். இதன்படி வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே, தனது பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஈட்டுச் சொத்தைப் பொது ஏலத்தில் விற்கலாம். ஆனால் அந்த அதிகாரத்துக்கு நிபந்தனைகள் உண்டு. தீர்மானம் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் வெளியாகியிருக்க வேண்டும். அதன் பிரதி கடனாளிக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும். ஏலத்தின் திகதி, நேரம், இடம் ஆகியன குறைந்தது 14 நாட்களுக்கு முன் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், வட்டியைச் சேர்க்காமல் முதல் (கடனாக வாங்கிய அசல் தொகை) மட்டும் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு இந்த வழியைப் பயன்படுத்த முடியாது. 2024 இல் இந்த அதிகாரம் சட்டத்தால் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே உங்கள் கடனின் முதல் எவ்வளவு, ஏலம் எந்தத் திகதியில் நடந்தது என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில அரச வங்கிகளுக்கு அவற்றுக்கே உரிய தனிச் சட்டங்களில் இதையொத்த அதிகாரம் இருக்கிறது. தீர்மானத்தில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டுள்ளது என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி, ஈட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பாணை பெற்று விற்பது. அப்படியானால் வழக்கிலக்கத்தைக் கொண்டு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் பிரதிகள் பெறலாம். மூன்றாவது வழியில் வங்கியே இல்லை. தனியாருக்குக் காணி உறுதியை எழுதிக் கொடுத்தவர்கள் நேரே 5 ஆம் படிக்குப் போகலாம்.

படி 2: தாள்களைச் சேருங்கள்

கடன் வழங்கல் கடிதம், ஈட்டு உறுதி, தவணைப் பற்றுச்சீட்டுகள், வங்கிக் கூற்றுகள், மதிப்பீட்டு அறிக்கை, வந்த கடிதங்கள் யாவற்றையும் திகதி ஒழுங்கில் அடுக்குங்கள். கடித உறைகளையும் எறிய வேண்டாம். தபால் முத்திரைத் திகதி பின்னர் பேசும். ஈட்டு உறுதியின் பிரதி கையில் இல்லையென்றால், அது பதியப்பட்ட காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பதிவேட்டுப் பிரதியையும் சேர்த்தே கேளுங்கள். வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறது, வங்கியே வாங்கியதா, வேறொருவருக்குக் கைமாறியதா என்பது அதில் தெரியும்.

வங்கியே ஏலத்தில் வாங்கி, இன்னும் எவருக்கும் மறுவிற்பனை செய்யவில்லையென்றால், கடன் நிலுவையையும் விற்பனைச் செலவையும் அதற்கான வட்டியையும் செலுத்துமிடத்து அந்த விற்பனையை ரத்துச் செய்யும் அதிகாரம் பணிப்பாளர் சபைக்கு 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் உதவக்கூடிய குடும்பங்கள் இதை அறியாமலே நாட்களைக் கடத்திவிடுகின்றன என்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் விடயம். பதிவேட்டில் வங்கியின் பெயர் இருந்தால் அன்றே கடிதம் எழுதுங்கள்.

படி 3: கணக்கைக் கேளுங்கள், கூட்டிப் பாருங்கள்

கிளை முகாமையாளருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். ஏலத் திகதியன்று நிலுவையில் இருந்த முதல் தொகை எவ்வளவு, சாதாரண வட்டி எவ்வளவு, தாமத வட்டி எவ்வளவு, எந்த வீதத்தில் எந்தக் காலத்துக்கு, ஏலதாரர் கட்டணம், விளம்பரச் செலவு, சட்டச் செலவு, காப்புறுதிக் கட்டணம் ஆகியன தனித்தனியே எவ்வளவு, வீடு எத்தனை ரூபாவுக்குப் போனது, அத்தொகை எந்தத் திகதியில் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற ஒவ்வொன்றையும் கேளுங்கள்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதலும் வட்டியும் சேர்ந்து 72 இலட்சம், ஏலச் செலவு 3 இலட்சம், வீடு போன விலை 55 இலட்சம் என்றால், மிகுதிக் கடன் 20 இலட்சம். கடிதத்தில் 27 இலட்சம் என்று இருந்தால் மேலதிகமான அந்த 7 இலட்சம் எங்கிருந்து வந்தது? ஏலப் பணம் தாமதமாக வரவு வைக்கப்பட்டதால் ஓடிய வட்டியா, வட்டிக்கு மேல் ஏறிய வட்டியா, ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணமா? வட்டி வீதம் மாறிய ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு அறிவிக்கப்பட்டதா என்பதையும் கூற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் தவணை பிற்போடப்பட்ட மாதங்களுக்குத் தாமத வட்டி போடப்பட்டிருந்தால் அதற்குத் தனியாக விளக்கம் கேளுங்கள். கணக்கில் பழக்கமில்லாதவர்கள் உயர்தரத்தில் கணக்கீடு படித்த பிள்ளை ஒன்றை அருகில் இருத்திக்கொண்டு இதைச் செய்யலாம்.

விலை 55 இலட்சமாக அல்லாமல் 80 இலட்சமாக இருந்திருந்தால், மிஞ்சும் 5 இலட்சம் உங்களுக்கோ சட்டப்படி உரித்துடையவருக்கோ தரப்பட வேண்டிய பணம். அதைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மாதத் தவணையோடு கடன் காப்புறுதிக்கும் பணம் பிடிக்கப்பட்டிருந்து, கடன் எடுத்தவர் இறந்தோ நிரந்தரமாக இயலாமற் போயோ இருந்தால், அந்தக் காப்புறுதிப் பணம் கோரப்பட்டதா என்பதை முதலில் விசாரியுங்கள். பிணை நின்றவர்களுக்கும் இந்தக் கணக்கின் ஒரு பிரதியைக் கொடுங்கள். பிணை ஒப்பந்தங்களில் கடனாளியிடம் முதலில் அறவிடுமாறு கேட்கும் உரிமையைப் பிணையாளர் விட்டுக்கொடுத்திருப்பது வழக்கம் என்பதால், வங்கி அவர்களிடம் நேரடியாகவே வரலாம்.

படி 4: அன்று உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனையை எழுதி வையுங்கள்

கடன் எடுத்த நாட்களில் யார், எங்கே, என்ன சொன்னார் என்பதை ஞாபகம் மங்குமுன் எழுதுங்கள். தரகர் ஒருவர் வருமானத்தைக் கூட்டி எழுதச் சொன்னாரா? வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கினாரா? நகைக்கடனையும் வியாபாரக் கடனையும் ஒன்றாக்கி வீட்டின்மேல் ஏற்றினால் சுமை குறையும் என்றாரா, அதற்குத் தரகுப் பணம் பெற்றாரா? மதிப்பீட்டாளர் போட்ட பெறுமதிக்கும் அயலில் அந்நாளில் விற்ற காணிகளின் விலைக்கும் பெரிய இடைவெளி இருந்ததா? உறுதியை எழுதிய நொத்தாரிசு அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்கினாரா? அப்படி விளக்குவது நொத்தாரிசு கட்டளைச் சட்டம் அவர்மேல் சுமத்தியிருக்கும் கடமை.

இவை மட்டுமே கடனை இல்லாமலாக்கிவிடும் என்று எவராவது உங்களுக்கு உறுதி கூறினால் அதையும் நம்ப வேண்டாம். கையொப்பத்துக்கு வலு அதிகம். ஆயினும், தாமத வட்டியைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கும்போதும், முறைப்பாடு செய்யும்போதும், வழக்கில் எதிர்வாதம் வைக்கும்போதும் இந்தக் குறிப்பும் அதற்கு ஆதாரமான குறுஞ்செய்திகளும் பற்றுச்சீட்டுகளும் உங்கள் பக்கத்தைப் பலப்படுத்தும்.

படி 5: தனியாருக்கு அறுதி உறுதி எழுதிக் கொடுத்தவர்கள்

நான் அதிகம் கவலைப்படுவது இவர்களைப் பற்றியே. அவசரத்துக்குப் பணம் கொடுப்பவர், ஈட்டு உறுதி வேண்டாம், அறுதி உறுதியே (காணியை முற்றாக விற்றதாகக் காட்டும் உறுதி) எழுதுவோம், பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன் என்று வாயால் வாக்குக் கொடுக்கிறார். பின்னர் காணியின் பெறுமதியில் ஒரு பங்குகூட ஆகாத கடனுக்காக முழு வீட்டையும் கேட்டு வழக்குப் போடுகிறார்.

உறுதியில் விற்பனை என்று எழுதியிருப்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு, சொத்தின் பயனை உண்மையில் விட்டுக்கொடுக்கும் எண்ணம் உரிமையாளருக்கு இருக்கவில்லை என்று சூழ்நிலைகள் காட்டுமிடத்து, எழுதி வாங்கியவர் அதை உரிமையாளரின் நன்மைக்காகவே வைத்திருப்பதாகக் கொள்ள இடமளிக்கிறது. விலை மிகக் குறைவாக இருந்தது, எழுதிக் கொடுத்த பின்பும் நீங்களே அங்கு குடியிருந்தீர்கள், மாதாமாதம் வட்டி கொடுத்தீர்கள், சோலைவரியையும் மின்கட்டணத்தையும் நீங்களே செலுத்தினீர்கள் என்பனவே அத்தகைய சூழ்நிலைகள். வட்டி கொடுத்ததற்கான வங்கி வைப்புச் சீட்டு ஒன்று கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். வட்டி அளவுக்கு மீறியதாகவும் கொடுக்கல் வாங்கல் நியாயமற்றதாகவும் இருந்தால், அதை மீளத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை 1918 ஆம் ஆண்டின் பணக் கடன் வழங்கல் கட்டளைச் சட்டம் நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது.

கந்தளாய் போன்ற குடியேற்றப் பகுதிகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசின் அளிப்பாகக் கிடைத்ததாக இருந்தால், தேவையான முன்னனுமதி எழுத்தில் இல்லாமல் செய்யப்பட்ட கைமாற்றம் செல்லுபடியாகாது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உங்கள் கோவையைப் பார்வையிட்டு, அனுமதி கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

படி 6: முறைப்பாடு

முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று திருகோணமலையிலேயே இருக்கிறது. கட்டணமின்றி விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் இந்தக் கதவுகள் பெரும்பாலும் மூடிவிடும் என்பதால், இதைத் தாமதிக்க வேண்டாம்.

படி 7: நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தால்

கடன் வழங்கும் நிறுவனங்கள் மிகுதிப் பணத்துக்கு 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடுதல் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். இதன் நடைமுறை வழமையான வழக்கைப் போன்றதல்ல. நீதிமன்றம் முதலிலேயே உங்களுக்கு எதிராக ஒரு நிபந்தனைத் தீர்ப்பாணையை வழங்கி, அதை உங்களுக்குச் சேர்ப்பிக்கும். குறித்த நாளில் நீங்கள் சத்தியக்கடதாசியுடன் தோன்றி, எதிர்வாதம் செய்வதற்கு அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அந்தத் தீர்ப்பாணை முடிவானதாகிவிடும். 3 ஆம், 4 ஆம் படிகளில் நீங்கள் தயாரித்த கணக்கும் குறிப்பும் இங்கேதான் உயிர் பெறுகின்றன. கணக்கில் எந்த வரி தவறு என்று சுட்டிக்காட்ட முடிந்தவரின் மனுவுக்கும், வெறுமனே மறுப்பவரின் மனுவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், தாள் கிடைத்த அன்றே திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

பழைய கடனென்றால் கால எல்லையையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பொதுவாக ஈட்டு உறுதிமீதான கோரிக்கைக்கு 10 ஆண்டுகளும், எழுத்தில் கொடுத்த வாக்குறுதிக்கு 6 ஆண்டுகளும் எல்லை. இடையில் நீங்கள் ஒரு சிறு தொகை செலுத்தினாலோ கடனை எழுத்தில் ஏற்றுக்கொண்டாலோ, அந்தக் காலம் புதிதாகத் தொடங்கக்கூடும். அறவிடும் முகவர் வாசலில் நின்று, ஆயிரம் ரூபாவாவது தாருங்கள் என்று கேட்கும்போது இதை மனதில் வைத்திருங்கள்.

படி 8: இணக்கத்துக்கு வருதல்

சரியான தொகை தெரிந்தபின், வீட்டுச் செலவு போக மாதம் எவ்வளவு உண்மையாகவே கொடுக்க முடியும் என்று கணக்கிட்டு, அதை எழுத்தில் முன்வையுங்கள். ஒரே தடவையில் ஒரு தொகையைக் கொடுத்துத் தீர்ப்பதாயின், தாமத வட்டியை நீக்கும்படி கேட்கலாம். இன்னொரு இடத்தில் கடன் எடுத்து, குறிப்பாக நுண்கடன் எடுத்து, இதைக் கட்ட வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன், இத்தொகையோடு முழுக் கடனும் தீர்கிறது, பிணையாளர்களும் விடுவிக்கப்படுகிறார்கள், வழக்கிருந்தால் மீளப்பெறப்படும் என்ற மூன்றும் எழுதப்பட்ட கடிதத்தை அதிகாரம் உடைய அலுவலரின் கையொப்பத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் கணக்கில் வைப்பிடுங்கள்.

சில வாரங்கள் சென்றதும் கடன் வரலாறுகளைப் பதிந்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தில், அதாவது கிரிப்பில் (CRIB), உங்கள் சொந்த அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். கடன் இன்னும் நிலுவையாகவே காட்டப்பட்டிருந்தால், தீர்வுக் கடிதத்தின் பிரதியை இணைத்து, திருத்தும்படி நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள்.