டீன் ஏஜ் பசங்களுக்கு பிஎம்ஐ பாக்குறப்போ

பசங்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு காட்டுற நம்பர்) பாக்கணும்னா பெரியவங்களுக்கான கால்குலேட்டர்ல போடாதீங்க, 5 முதல் 19 வயசு வரைக்கும் வயசும் ஆணா பொண்ணாங்கிறதும் கேக்குற கால்குலேட்டரா பாத்து போடுங்க, இல்லன்னா குழந்தைகள் டாக்டர்கிட்ட இருக்குற ஐஏபி (இந்திய குழந்தைகள் டாக்டர்கள் சங்கம்) சார்ட்ல பாக்க சொல்லுங்க.

ஏன்னா 18.5க்கு கீழ எடை கம்மி, 25ல இருந்து எடை அதிகம்ங்கிற கணக்கெல்லாம் வளர்ந்து முடிச்சவங்களுக்கு. 13 வயசு பொண்ணு, 150 செ.மீ உயரம், 38 கிலோன்னா பிஎம்ஐ 16.9 வரும், பெரியவங்க கணக்குல அது எடை கம்மி, ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட வயசு வாரியான சார்ட்ல அது நார்மல் தான், இது தெரியாம சத்து பவுடர் டப்பா டப்பாவா வாங்கி காச கரியாக்குறவங்க நிறைய. வயசுக்கு வர்ற சமயத்துல எடை ஏறுறதும் இயல்பு, அதுக்குப் போய் "குண்டாயிட்ட"ன்னு சொந்தக்காரங்க முன்னாடி சொல்லி வைக்காதீங்க ப்ளீஸ், சாப்பாட்ட குறைக்க ஆரம்பிச்சிடுவாங்க.

கபடி, வெயிட் லிஃப்டிங்னு தசை ஏத்துற பசங்களுக்கு இந்த நம்பரும் சரியா சொல்லாது. எடை திடீர்னு இறங்குது, பீரியட்ஸ் நின்னுபோச்சு, சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்குறாங்கன்னா சார்ட்ல நார்மல்னு வந்தாலும் நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.