ஃபஸ் பெடலை ஒப்பிட, முதலில் கிட்டார் வால்யூமைக் குறையுங்கள்

சிறு பட்டறைகள் செய்யும் பொட்டிக் ஃபஸ் பெடல் (கிட்டார் ஓசையைக் கரகரவென்று சிதைக்கும் காலடிப் பெட்டி) எதைப் பார்த்தாலும் உலகத்திலேயே இல்லாத ஓசை என்றுதான் விற்கிறார்கள். மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் பழைய வம்சம் ஒன்றின் வாரிசாக இருக்கும். 1965-இல் வந்த டோன் பெண்டர், அடுத்த ஆண்டு லண்டனில் ஆர்பிட்டர் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் தந்த பிக் மஃப். எந்த வம்சம் என்று தெரிந்துகொண்டு, ஒரே வம்சத்துக்குள் ஒப்பிடுங்கள்.

சத்தத்தைச் சமன் செய்துவிட்டே கேட்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருக்கிற பெடல்தான் எப்போதும் ஜெயிக்கும், காது அப்படி.

லூப்பரில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெடல்) ஒரு ரிஃப்பைப் பதிந்து, பெடல்களை மாற்றி மாற்றிக் கேட்பது பலரின் வழக்கம். பிக் மஃபுக்குச் சரி. ஃபஸ் ஃபேஸ் வகைக்கு ஆகவே ஆகாது. அதன் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை, மிகக் குறைவு. கிட்டாரின் பிக்கப்பையே (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தன் சர்க்யூட்டின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளும். நடுவே லூப்பரோ பஃபரோ (சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும் சர்க்யூட்) வந்தால் ஓசை கூராகிக் காதைக் கிழிக்கும். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் நேராக ஃபஸ்ஸுக்குள் போகட்டும், நீங்களே வாசியுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. பெடலில் ஃபஸ்ஸை முழுக்க வையுங்கள். கிட்டார் வால்யூம் பத்தில் ஈ கார்டு (E chord) ஒன்றை அடியுங்கள், பிறகு ஏழுக்கு, ஐந்துக்கு இறக்கி அதையே அடியுங்கள். நல்ல ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் ஃபேஸ் என்றால் அந்த இரைச்சல் மெல்ல விலகி, கண்ணாடி மணி மாதிரி சுத்தமான ஓசை வரும். சிலிக்கான் ட்ரான்சிஸ்டரில் கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகம், விளிம்பும் கூர்மை. பிக் மஃப் இப்படித் தெளியாது. அதை அதற்காகக் குறை சொல்லக் கூடாது.

அடுத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு ஸ்வரத்தை அடித்துச் சாகும்வரை விடுங்கள். கடைசியில் விட்டுவிட்டு இருமினால் ட்ரான்சிஸ்டரின் பயாஸ் (அது வேலை செய்ய அமைத்த மின்னழுத்த நிலை) தள்ளியிருக்கலாம். இசட்.வெக்ஸின் ஃபஸ் ஃபேக்டரியில் மட்டும் அந்த இருமலே சரக்கு. கேட் (Gate), ஸ்டாப் (Stab) குமிழ்களைத் திருகி வேண்டுமென்றே வரவழைப்பார்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஜெர்மேனியம் வாங்குகிறவர்கள் ஏசி அறையில் மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். சூடு ஏற ஏற ட்ரான்சிஸ்டரில் கசிவு கூடி பயாஸ் நகரும். சென்னையில் மே மாத மதியம், மொட்டை மாடி அறையில், அதே பெடல் மூக்கடைத்த மாதிரி பேசும். அனலாக் மேனின் சன் ஃபேஸில் பயாஸைச் சரிசெய்ய சன்டயல் என்றொரு குமிழ் வைத்துத் தருகிறார்கள். எங்கள் ஊருக்கு அந்தக் கூடுதல் காசு தகும்.

கரன்ட் விஷயம்: பிஎன்பி என்ற வகை ட்ரான்சிஸ்டர் போட்ட ஜெர்மேனியம் பெடல்கள் பல பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது மற்ற பெடல்களுக்கு நேர்மாறாக பிளஸ் பக்கம்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகும். ஒன்பது வோல்ட் பேட்டரி போதும், வாசித்து முடிந்ததும் பேட்டரி தீராதிருக்க இன்புட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.