வழுக்குப் பாறைக்குப் பழைய காலுறை

காரைக்குடிப் பக்கத்திலிருந்து கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போகிறவர்கள் ஒரு ஜோடி பழைய பருத்திக் காலுறையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அருவிக்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டு நடந்தால் பாறை அவ்வளவாக வழுக்காது. ஈரப் பாறையில் ரப்பர் அடிப்பாகம் மெல்லிய பாசிப் படலத்தின் மேலேயே சறுக்கும், சொரசொரப்பான துணியோ பாறையின் மேடுபள்ளத்தில் படிந்து பிடித்துக்கொள்ளும். இதற்கென்று தனிச் செருப்பு வாங்கும் செலவும் மிச்சம். நைலான் காலுறை வேண்டாம், அது இன்னும் வழுக்கும். பாசி மெத்தை மாதிரி தடித்திருந்தாலோ தண்ணீர் வேகமாக வந்தாலோ இது உதவாது, தயவுசெய்து இறங்கவே இறங்காதீர்கள். அப்புறம், திரும்ப ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி ஏற வேண்டும், அதற்கு ஈரக் காலுறையைக் கழற்றிவிடுங்கள், கொப்புளம் வரும்.