துணி வீணாகாத பருத்திச் சிமிஸ்

பினாங்கு வெக்கையில் உள்ளாடைக்கு முதலில் எலாஸ்டிக்தான் போகும். வியர்வையும் சூடும் அதைத் தளர்த்திவிடும். துணி நன்றாக இருந்தும் குப்பைக்குப் போகும். 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் லினன் சிமிஸில் எலாஸ்டிக் கிடையாது. பெரும்பாலும் செவ்வகமும் முக்கோணமும்தான் வெட்டு. மேலாடையை அடிக்கடி துவைக்க முடியாததால் வியர்வையை அது வாங்கிக்கொண்டது. பட்டு பஞ்சாபி சூட்டுக்குள் போடவும் அதே காரணம்தான். அந்த வெட்டின் எளிய வடிவம் இது. மார்பளவு 36 இன்ச் வரை சரியாக இருக்கும்.

லெபோ பசார் கடைத்தெருவில் 44 இன்ச் அகலப் பருத்தி வாயில் (voile என்ற மெல்லிய துணி) 1.4 மீட்டரும், நாடா இரண்டேகால் மீட்டரும் வாங்குங்கள். முதலில் துவைத்து இஸ்திரி போடுங்கள். தைத்தபின் சுருங்கினால் அளவெல்லாம் போச்சு.

குறுக்காக 12 இன்ச் பட்டை ஒன்று வெட்டுங்கள். அதில் 18 இன்ச் அகலத்தில் இரண்டு கைகள். மிஞ்சும் 8 இன்ச்சில் 4 இன்ச் சதுரங்கள் சரியாக ஆறு வரும். (துணி 43 இன்ச்சாகச் சுருங்கியிருந்தால் கையில் அரை அரை இன்ச் குறையுங்கள்.) மீதித் துணியை நீளவாக்கில் நடுவில் பிளந்தால் முன்னும் பின்னும் ஆயிற்று. கழுத்து வெட்டவே வேண்டாம்.

ஊசி 11-ஆம் எண், தையல் நீளம் 2 மி.மீ., தையல் விளிம்பு அரை இன்ச். கையின் 12 இன்ச் ஓரத்தில், அடிவிளிம்பிலிருந்து ஒரு இன்ச் மேலே சதுரத்தின் ஒரு பக்கத்தையும், எதிர் ஓரத்தில் அடுத்த பக்கத்தையும் தையுங்கள். பழைய ஜிப்பா அக்குளில் இருக்கும் துண்டு இதுதான். பிறகு கையை முன், பின் துண்டுகளோடு மேலிருந்து சதுரம் வரை இணைத்து, சதுரத்தின் மற்ற இரு பக்கங்களையும் சேர்த்து, பக்கத் தையலைக் கீழே இறக்குங்கள்.

தொடக்கக்காரர்கள் தடுக்கி விழும் இடம் சதுரத்தின் மூலைதான். மூலைக்கு அரை இன்ச் முன்னாலேயே நிறுத்தி, கெட்டித் தையல் போட்டு நூலை அறுங்கள். தையல் மூலையைத் தாண்டினால் அங்கே சுருக்கம் விழும். கையைத் தூக்கும்போதெல்லாம் அதே புள்ளி இழுபட்டுக் கிழியும்.

முன்துண்டின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து 1⅛ இன்ச் கீழே தொடங்கி அரை இன்ச் நீளத்தில் செங்குத்தாக ஒரு காஜா (பொத்தான் துளை) போடுங்கள். மேல் விளிம்பைச் சுற்றிலும் கால், பிறகு முக்கால் இன்ச் மடித்துத் தைத்து, ஊக்கில் நாடாவை மாட்டி காஜா வழியாகக் கோர்த்து விடுங்கள். பின்புற நடுவில் நாடாவோடு சேர்த்து நாலு தையல் குத்திவிட்டால் துவைக்கும்போது உருவிக்கொண்டு வராது. கை, அடி விளிம்புகளை மடித்துத் தையுங்கள்.

மிஞ்சிய நான்கு சதுரங்களை எறியாதீர்கள். முதலில் நைவது அக்குள்தான். அந்தத் துண்டை மட்டும் பிரித்து மாற்றலாம். அவற்றையும் சிமிஸோடு சேர்த்தே துவைத்து வையுங்கள், இல்லாவிட்டால் நிறம் ஒத்துப்போகாது.