கடலோர வீட்டுக்கு மரத்தரை: பலகைக்கு முன் ஓதத்தைப் பாருங்கள்

தொண்டி, கீழக்கரை, மண்டபம் பக்கம் சித்திரையில் கடும் சூடு, ஐப்பசியில் அடைமழை. காய்ந்தும் ஊறியும் மரத்தரைப் பலகை படும் பாடு இங்கே அதிகம்.

முதல் வேலை ஓதச் சோதனை, அதாவது சிமென்ட் தரை வழியே ஈரம் ஏறுகிறதா என்று பார்ப்பது. 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் தாளைச் சிமென்ட் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். நடுவில் ஒன்று, குளியலறைச் சுவரோரம் ஒன்று. பிரிக்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ பலகை வாங்கப் போகாதீர்கள். புதுத் தரை அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் காய வேண்டும். உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் தலைவலி கூடும்: உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தரை வெள்ளையாகப் பூப்பது அதற்கு அடையாளம். வருஷம் முழுக்க ஓதம் ஏறும் கீழ்வீட்டுக்கு டைல்ஸே போதும். மரத்தை மாடியறைக்கு வையுங்கள்.

அடுத்து பலகை. முழுத் தேக்கு அழகுதான், ஆனால் அகலவாக்கில் உப்பிச் சுருங்கும். எஞ்சினியர்டு பலகையில் மேலே தேக்கு ஏடு, அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட். ஓர் ஏடு நகரப் பார்த்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். 14 மி.மீ. கனம், 5 அங்குலத்துக்கு மேற்படாத அகலம் பாருங்கள். லேமினேட், அதாவது மரத்தூளை அழுத்திய பலகைமேல் மரம்போன்ற படம் ஒட்டியது, மலிவு; ஆனால் ஜன்னல் சாரலில் ஒருமுறை விளிம்பு உப்பினால் திரும்ப இறங்காது.

10க்கு 12 அறை 120 சதுர அடி; வெட்டுக்கழிவு சேர்த்து 132 வாங்குங்கள். பெட்டிகளை அதே அறையில் படுக்கவைத்து 3 நாள் விடுங்கள்.

6 அடி அலுமினியப் பட்டையைத் தரையில் வைத்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக் கூடாது. 200 மைக்ரான் பாலித்தீனை 8 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி விரித்து, மேலே 2 மி.மீ. ஃபோம். பலகைகளின் முனை இணைப்புகள் வரிசைக்கு வரிசை ஓரடியாவது தள்ளி வரட்டும்.

சுவரோரம் ஆப்பு வைத்து 12 மி.மீ. இடைவெளி விடுங்கள். பலர் தப்புச் செய்வது இங்கேதான், அதிலும் கதவு நிலையடியில். பார்க்க நன்றாக இல்லையென்று கொத்தனார் வெள்ளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுவார். மழை வந்ததும் பலகைக்குப் போக இடமில்லாமல் அறை நடுவில் எழும்பி, மிதித்தால் டொம்மென்று கேட்கும். நிலையின் அடியை அறுத்துப் பலகையை உள்ளே விடுங்கள். இடைவெளியை மறைக்கும் சுவரடிப் பட்டையை (ஸ்கர்ட்டிங்) சுவரில் மட்டும், துருப்பிடிக்காத ஸ்டீல் திருகால் பூட்டுங்கள். பலகையோடு சேர்த்து அடித்தால் விட்ட இடைவெளி வீண்.