மலை முதல்ல, கடல் அப்புறம்: கினபாலு ஏறிட்டு சிபடான்ல டைவ் அடிக்கப் போறவங்களுக்கு

ஒரே லீவுல பெரிய மலையும் ஏறணும், கடலுக்கு அடியிலயும் போய்ப் பாக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு மலேசியாவோட சபா மாநிலம் மாதிரி தோதான இடம் கிடைக்கறது கஷ்டம். போர்னியோ தீவோட வடக்கு முனையில இருக்கு, 4095 மீட்டர் உசர கினபாலு மலையும் இருக்கு, சிபடான் தீவும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன ஃப்ளைட், அவ்ளோதான். ஆனா ப்ளான் போடறப்ப முக்காவாசி பேரு என்ன பண்றாங்கன்னா, முதல்ல ஜாலியா கடல்ல நாலு நாள் இருந்துட்டு கடைசியில மலைக்குப் போலாம், மலை ஏறினா கால் வலிக்கும் அப்புறம் எதையும் என்ஜாய் பண்ண முடியாதுன்னு யோசிக்கறாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அந்த ஆர்டர் ஆபத்து.

ஏன்னா டைவ் அடிக்கறப்ப தண்ணியோட அழுத்தத்துல நாம இழுக்கற காத்துல இருக்கற நைட்ரஜன் ரத்தத்துலயும் தசையிலயும் கரைஞ்சு ஏறிக்கும். 10 மீட்டர் ஆழத்துலயே அழுத்தம் கரையில இருக்கறத விட ரெண்டு மடங்கு. மேல வந்தப்புறம் அது மெதுமெதுவா மூச்சு வழியா வெளிய போகும், அதுக்கு மணிக்கணக்குல டைம் வேணும். அந்த டைம் குடுக்காம உசரத்துக்குப் போனா, அங்க அழுத்தம் குறைச்சல்ங்கறதால உள்ள இருக்கற நைட்ரஜன் கோலி சோடாவை உடைச்ச மாதிரி குமிழ் குமிழா கிளம்பிடும். மூட்டு வலில ஆரம்பிச்சு பக்கவாதம் வரைக்கும் போகலாம். ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், பல டைவ் பல நாள் அடிச்சிருந்தா 18 மணி நேரமாவது கரையில இருக்கணும்னு டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க்ங்கற டைவிங் பாதுகாப்பு அமைப்பு சொல்றது இதுக்குத்தான். ஆனா அந்தக் கணக்கு ஃப்ளைட் கேபின் அழுத்தத்துக்குப் போட்டது, அதாவது சுமார் 2400 மீட்டர் உசரம் வரைக்கும். கினபாலுல நீங்க ராத்திரி தூங்கற இடமே 3272 மீட்டர். அதனால மணி எண்ணிட்டு இருக்காதீங்க, மலைய முதல்ல முடிச்சிடுங்க. மலையில இருந்து இறங்கி கடலுக்குப் போறதுல இந்த நைட்ரஜன் பிரச்சனையே கிடையாது.

சரி, இப்ப ஊருக்குப் போற கதை. கோலாலம்பூர் போய் அங்கருந்து கோத்தா கினபாலுக்கு ரெண்டரை மணி நேர ஃப்ளைட். எல்லாரும் கேகேன்னுதான் சொல்லுவாங்க. ஒரே நாடுதானேன்னு பாஸ்போர்ட்ட பெட்டிக்குள்ள வெச்சு செக்-இன்ல போட்டுடாதீங்க, சபாவுக்குத் தனி இமிகிரேஷன், கோலாலம்பூர்ல இருந்து வந்தாலும் பாஸ்போர்ட் காட்டியே ஆகணும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே மலை பெர்மிட்ட பாருங்க. மலையில ராத்திரி தங்கற இடமான பனலாபான்ல எத்தனை படுக்கை இருக்கோ அத்தனை பேருக்குத்தான் அனுமதி, கைடு கட்டாயம், சும்மா போய் கேட்ல நின்னா விடமாட்டாங்க. நல்ல சீசன்ல நாலஞ்சு மாசம் முன்னாடியே தீர்ந்துடும். பிப்ரவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை கொஞ்சம் கம்மி, அதுக்காக மழையே இருக்காதுன்னு நெனச்சுக்க வேண்டாம்.

கேகேல இருந்து கினபாலு பார்க் ஹெட்குவார்ட்டர்ஸ் ரெண்டு மணி நேர ரோடு. நிறைய பேரு காலங்காத்தால கேகேல கிளம்பி அன்னிக்கே ஏற ஆரம்பிச்சிடறாங்க. நான் சொல்றது, முந்தின நாளே பார்க் பக்கத்துல இருக்கற குண்டசாங் ஊருக்குப் போய்டுங்க. பார்க் வாசலே 1500 மீட்டருக்கு மேல இருக்கு, ஒரு ராத்திரி அங்க தூங்கினா உடம்பு கொஞ்சமாவது பழகும். கடல்மட்டத்துல இருந்து ஒரே நாள்ல 3272 மீட்டருக்குப் போய் படுத்தா தலைவலி, குமட்டல், தூக்கம் வராம புரள்றது இதெல்லாம் ஜிம் போறவன் போகாதவன்னு பாக்காம வரும். இந்த உசரக் கோளாறுக்கு டயமாக்ஸ் மாத்திரை போடலாமான்னு ஊர்லயே டாக்டர கேட்டுக்கோங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்க கண்டிப்பா சொல்லணும். மேல போய் வாந்தி நிக்கல, நடை தள்ளாடுது, உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்குதுன்னா மாத்திரை தேடாதீங்க, உடனே கைட எழுப்பி இறங்க ஆரம்பிக்கணும், அதுதான் மருந்து.

நடை டிம்போஹோன் கேட்ல, 1866 மீட்டர்ல ஆரம்பிக்குது. பனலாபான் வரைக்கும் 6 கிலோமீட்டர். ஆறுதானேன்னு தோணும், ஆனா சமதளம்னு ஒண்ணுமே கிடையாது, படி, படி, படி. மரப்படி, வேர்ப்படி, கல்லுப்படி, ஒண்ணு உள்ளங்கை உசரம் இருந்தா அடுத்தது முட்டி உசரம். வழியில பொண்டோக்னு சொல்ற சின்னச் சின்ன கூரைக் கொட்டகை வரும், எல்லாத்துலயும் தண்ணி டேங்க் இருக்கும், அது சுத்திகரிக்காத மலைத் தண்ணி, குளோரின் மாத்திரை போட்டுக் குடிக்கறது நல்லது. வேகமா ஏறி மூச்சு வாங்கி உக்கார்றத விட, பக்கத்துல இருக்கறவங்களோட பேசிக்கிட்டே நடக்க முடியற வேகத்துல நிக்காம போறதுதான் சரி. அணில் பையைத் திறக்கும், கடலை மிட்டாய வெளிய வைக்காதீங்க. பாசிக்குள்ள குடுவைச் செடிங்க தொங்கும், வழியில வர்ற லயாங் லயாங்கற இடத்தைத் தாண்டினப்புறம் கண்ண ஓட்டிக்கிட்டே போங்க. மத்தியானம் மழை பெய்யும்னு வெச்சுக்கிட்டே பேக் பண்ணுங்க, உள்ள இருக்கற துணி எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டுடுங்க, பை மேல போடற ரெயின் கவர் மட்டும் பத்தாது.

சாயங்காலம் சாப்டு ஏழு மணிக்கே படுத்துடணும், ஏன்னா ராத்திரி ரெண்டு ரெண்டரைக்குக் கிளம்பணும். மீதி 2.7 கிலோமீட்டர் இருட்டுல. தலையில மாட்டற டார்ச் கட்டாயம், செல்போன் டார்ச்ச நம்பி வராதீங்க, கை ரெண்டும் கயித்துக்கு வேணும். சாயாட்-சாயாட் செக்போஸ்டுக்கு முன்னாடி ஒரு இடத்துல பாறையில கயிறு கட்டி வெச்சிருப்பாங்க, அது விரல் தடிமனுக்கு இருக்கும், ஈரமா ஐஸ் மாதிரி இருக்கும், கம்பளி க்ளவுஸ் போட்டா தண்ணிய உறிஞ்சி அஞ்சே நிமிஷத்துல விரல் மரத்துடும். தோட்ட வேலைக்குப் போடறாங்களே, உள்ளங்கையில ரப்பர் தடவின மலிவு க்ளவுஸ், அதுதான் இங்க பெஸ்ட்டு. செக்போஸ்ட்ல கழுத்துல மாட்டின டேக்க பாத்து குறிச்சுக்குவாங்க, குறிப்பிட்ட நேரத்துக்குள்ள வரலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, கெஞ்சினாலும் நடக்காது. அதுக்கு மேல வெறும் கிரானைட் பாறைதான், மரம் மட்டை கிடையாது, காத்து அடிக்கறப்ப குளிர் ஜீரோ டிகிரி பக்கம் போகும். லோஸ் பீக் உச்சியில சூரியன் ஆறு மணி வாக்குல வரும், ரொம்ப சீக்கிரம் போய் சேந்தா குளிர்ல நடுங்கிட்டு நிக்கத்தான் வேணும்.

ஒண்ணு சொல்லணும், இந்த மலை கடாஸான் டூசுன் மக்களுக்கு முன்னோர்களோட ஆவி தங்குற இடம். 2015 மே மாசம் சில வெளிநாட்டு ஆளுங்க உச்சியில துணிய அவுத்து போட்டோ எடுத்தாங்க, அடுத்த வாரம் ஜூன் 5ஆம் தேதி 6.0 அளவுல நிலநடுக்கம் வந்து மலையில 18 பேர் செத்துப் போனாங்க, அதுல கைடுங்களும் உண்டு. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு நாம சொல்லலாம், ஆனா கூட வர்ற கைடுக்கு செத்தவங்க சொந்தக்காரங்களாவோ கூட வேலை செஞ்சவங்களாவோ இருக்கலாம். கோயில்ல நடந்துக்கற மாதிரி நடந்துக்கோங்க, கூச்சல் போடாதீங்க.

இறங்கறதுதான் ஏறறத விட கொடுமை. உச்சியில இருந்து கேட் வரைக்கும் 2200 மீட்டருக்கு மேல ஒரே நாள்ல இறங்கணும், மொத்த அடியும் முட்டிக்குத்தான். ட்ரெக்கிங் குச்சி ரெண்டு எடுத்துக்கோங்க, நகத்த ஒட்ட வெட்டிட்டுப் போங்க, இல்லன்னா ஷூ முன்னாடி இடிச்சு கருத்துடும். அடுத்த ரெண்டு நாளைக்கு தொடை பிடிச்சுக்கும், மாடிப்படிய பின்பக்கமா இறங்கற ஆளுங்கள கேகே ஹோட்டல்ல பாத்தா எங்கருந்து வந்திருக்காங்கன்னு கேக்கவே வேண்டாம்.

இப்ப கடல். இறங்கின மறுநாளே டைவுக்குப் போகாதீங்க, முழுசா ஒரு நாள் ரெஸ்ட். தசைவலி மட்டும் காரணம் இல்ல. மலையில வேர்த்து உடம்புல தண்ணி வத்திப் போயிருக்கும், அந்த நிலைமையில டைவ் அடிச்சா குமிழ் பிரச்சனை வர்ற ரிஸ்க் கூடும். அதோட ஒடம்பெல்லாம் வலிக்கறப்ப டைவ் முடிச்சு வர்ற புது மூட்டு வலி எதனால வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது, டாக்டருக்கும் குழப்பம். இன்னொண்ணு சளி. உச்சிக் காத்துல மூக்கு ஒழுக ஆரம்பிச்சிருக்கும், மூக்கடைப்போட தண்ணிக்குள்ள போனா காது அழுத்தத்த சரி பண்ண முடியாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுட்டு இறங்கறது அத விட மோசம், ஆழத்துல மருந்து வேகம் குறைஞ்சா மேல வர்றப்ப அடைச்சுக்கும். சளின்னா ஒரு நாள் தள்ளிப் போடுங்க, காசு போனா போகட்டும்.

இதுவரைக்கும் டைவே அடிச்சதில்லன்னா நேரா சிபடான் கனவு வேண்டாம். கேகே கரையில இருந்து படகுல 15-20 நிமிஷத்துல துங்கு அப்துல் ரஹ்மான் பார்க் தீவுங்க இருக்கு, காயா, மனுகான், சாப்பி, மமுத்திக், சுலுக்னு அஞ்சு. அங்க இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருந்து 12 மீட்டர் வரைக்கும் கூட்டிட்டுப் போற ட்ரையல் டைவ் ஒரே நாள்ல முடிஞ்சிடும். மூணு நாலு நாள் இருந்தா டைவிங் சர்டிஃபிகேட் தர்ற ஓப்பன் வாட்டர் கோர்ஸே முடிக்கலாம், அப்புறம் 18 மீட்டர் வரைக்கும் போகலாம். முதல் நாளே ஒரு மெடிக்கல் ஃபார்ம் குடுப்பாங்க, ஆஸ்துமா, இதயம், காது ஆபரேஷன் எதுவா இருந்தாலும் மறைக்காம எழுதுங்க. தண்ணிக்குள்ள மனசுல வெக்க வேண்டியது ரெண்டே ரெண்டு: மூச்ச எப்பவும் பிடிச்சு வெக்கக் கூடாது, அப்புறம் காது வலிக்கறதுக்கு முன்னாடியே மூக்க மூடி மெதுவா ஊதி சரி பண்ணணும், முதல் பத்து மீட்டர்ல கிட்டத்தட்ட ஒவ்வொரு மீட்டருக்கும். வலி வந்தப்புறம் ஊதினா திறக்காது, ஒரு மீட்டர் மேல வந்துட்டுத்தான் ஊதணும், பலமா ஊதி செவிப்பறைய கிழிச்சுக்காதீங்க.

சர்டிஃபிகேட் இருக்கறவங்க கேகேல இருந்து தாவாவ் ஃப்ளைட், அங்கருந்து ரோட்ல செம்போர்னாங்கற கடலோர ஊர். சிபடான்ல 2004 கடைசியில இருந்து யாரும் தங்க முடியாது, பக்கத்துல இருக்கற மாபுல் தீவுலயோ செம்போர்னாலயோ தங்கி பெர்மிட் கிடைச்ச அன்னிக்குப் போய்ட்டு வரணும். பெர்மிட் தினமும் அளவாத்தான், அதனால டைவ் கம்பெனிங்க மூணு நாலு நாள் பேக்கேஜ்ல ஒரு நாள் சிபடான் குடுப்பாங்க, எந்த நாள்னு எழுத்துல வாங்கிக்கோங்க. ஓப்பன் வாட்டருக்கு அடுத்த படியான அட்வான்ஸ்ட் சர்டிஃபிகேட் கேப்பாங்க, அதுவும் நியாயம்தான், கடலடியில இருந்து 600 மீட்டர் செங்குத்தா எழும்பி நிக்கற தீவு அது, கரையில இருந்து சில அடி நீந்தினாலே கீழ அதல பாதாளம். அங்க பாராகுடா பாயிண்ட்ங்கற டைவ் இடத்துல கடல் நீரோட்டம் இழுக்கறப்ப ஆழத்த கவனிக்கத் தெரியாதவங்க கீழ போய்க்கிட்டே இருப்பாங்க. ஆமை சலிக்கற அளவுக்குப் பாக்கலாம். கிழக்கு சபா கடலோரத்துல முன்னாடி ஆள்கடத்தல் நடந்திருக்கு, ராத்திரி கடல் ஊரடங்கு போடறதுண்டு, கிளம்பறதுக்கு முன்னாடி நிலவரம் பாருங்க. இன்சூரன்ஸையும் அப்பவே பாத்துடுங்க, சில பாலிசில 3000 மீட்டருக்கு மேல ட்ரெக்கிங் கிடையாது, சிலதுல ஸ்கூபாவே கிடையாது.

கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல ஒரு முழு நாள் விட்டுடுங்க. தாவாவ்ல இருந்து கேகே வர்ற குட்டி ஃப்ளைட்டுக்கும் இதே கணக்குதான், ஒரு மணி நேரம்தானேன்னு விட்டுடக் கூடாது. சில பேரு ஃப்ளைட்டுதானே பிரச்சனை, நைட் பஸ்ல போய்டறேன்னு கிளம்புவாங்க. செம்போர்னால இருந்து கேகே போற பஸ் ரானாவ், குண்டசாங் வழியாத்தான் போகும், அதே மலை, அதே 1500 மீட்டர். அந்த ஒரு நாள் செம்போர்னால மீன் மார்க்கெட் சுத்துங்க, துணி காயப் போடுங்க, நெறைய தண்ணி குடிங்க, டைவ் அடிக்கறப்ப கையில கட்டற டைவ் கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் வேண்டாம்னு காட்டற அடையாளம் போயிருச்சான்னு பாத்துட்டு மறுநாள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புங்க.