பாரிசில் மலிவு ஹோட்டலா? ரூம் பாயை முதலில் மறந்துவிடுங்கள்

நம் ஊர் லாட்ஜில் ஒரு வசதி உண்டு. அறை எவ்வளவு மட்டமாக இருந்தாலும் ரூம் பாய் என்று ஒருவர் இருப்பார். வெந்நீர் வரவில்லை, கொசு கடிக்கிறது, இன்னொரு தலையணை வேண்டும், ராத்திரி பதினோரு மணிக்கு டீ வேண்டும், எதுவானாலும் அவரைக் கூப்பிட்டுக் கையில் ஐம்பது ரூபாய் வைத்தால் ஏதோ ஒரு வழி பிறந்துவிடும். பாரிசின் ஒரு நட்சத்திர, இரண்டு நட்சத்திர ஹோட்டல்களில் அப்படி ஒருவர் கிடையாது. வரவேற்பில் ஓர் ஆள், காலையில் அறை துடைத்துப் படுக்கை விரிக்க ஓர் ஆள், பல இடங்களில் அவ்வளவுதான். போய் இறங்கிப் பேசிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு நாம் போகிறோம் பாருங்கள், பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. புக்கிங்கில் எழுதியிருப்பது கிடைக்கும். எழுதாதது கிடைக்காது.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதல் முறை போனபோது நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன், மூன்று பேர். இருவர் அறை ஒன்றைப் போட்டுவிட்டு, பையன் கீழே ஒரு போர்வையை விரித்துப் படுத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண்மணி மூன்று பாஸ்போர்ட்டைப் பார்த்தார், புக்கிங்கைப் பார்த்தார், முடியாது என்றார். கூடுதல் பணம் தருகிறேன் என்றேன், அதற்கும் முடியாது. தீப்பாதுகாப்பு விதிப்படி ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கிறது, அதை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசியில் மேல் மாடியில் இன்னொரு ஒற்றை அறை எடுத்து நானும் பையனும் மாறி மாறித் தூங்கினோம். குழந்தையோடு போனால் குழந்தையின் வயதையும் போட்டுத் தேடுங்கள், மூவர் அறை என்று தெளிவாக எழுதியிருப்பதை எடுங்கள். நண்பர்கள் இருவர் போகிறீர்கள் என்றால் டபுள் என்பது ஒரே கட்டில் என்பதை நினைவில் வையுங்கள், அதுவும் பெரும்பாலும் 140 சென்டிமீட்டர் அகலம்தான், புரண்டு படுத்தால் பக்கத்தில் இருப்பவர் தரையில். தனித்தனிக் கட்டில் வேண்டுமானால் ட்வின் என்று கேட்க வேண்டும்.

கீழே படுக்கலாம் என்று நினைத்ததே தவறு என்பது அறைக்குள் போனதும் புரிந்தது. ஒரு நட்சத்திர, இரண்டு நட்சத்திர ஹோட்டல்களில் இருவர் அறைக்குக் குளியலறை நீங்கலாக 9 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்பது பிரான்சின் விதி, நம் கணக்கில் நூறு சதுர அடிகூட வராது. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் ஒருவர் கட்டில்மேல் ஏற வேண்டும். நட்சத்திரம் அங்கே அறையின் அளவு, வசதிகள், சேவைகள் இவற்றைப் பட்டியல் போட்டு மதிப்பெண் கூட்டித் தருவது, வரவேற்பாளர் சிரிப்பாரா, சன்னலைத் திறந்தால் சுவர் தெரியுமா என்பதெல்லாம் அதில் வராது. அதற்குக் கடைசி ஆறு மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதைப் படியுங்கள், ஹோட்டல் போட்ட படங்களைவிடத் தங்கியவர்கள் கைப்பேசியில் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள்.

இன்னொன்று, மிக மலிவான அறைகளில் சிலவற்றுக்குள் கழிப்பறையோ குளியலோ இருக்காது. முகம் கழுவ ஒரு தொட்டி மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் மாடிப்படி முகப்பில், அந்த மாடியில் இருக்கும் எல்லோருக்கும் பொது. விவரத்தில் இதைச் சொல்லியிருப்பார்கள், ஒரு வரியில், நாம் விலையைப் பார்த்த சந்தோஷத்தில் படிக்காமல் விடும் அந்த வரியில்.

விசா விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிடச் செலவு வைக்கும். பிரான்சுக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசா விண்ணப்பத்தோடு தங்குமிட ஆதாரம் வைக்க வேண்டும், அதனால் ஹோட்டலை முன்பே போட்டாக வேண்டும், சரி. ஆனால் பத்து யூரோ குறைகிறதே என்று பணம் திரும்பாத கட்டணத்தில் போட்டுவிட்டு விசா மறுக்கப்பட்டால் மொத்தப் பணமும் போச்சு. விசா கையில் வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங் மட்டும்தான். விசா வந்த பிறகு வேறு ஹோட்டலுக்கு மாறுங்கள், தப்பில்லை, ஆனால் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் காட்ட உண்மையான ஒரு புக்கிங் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் இடம். ஈஃபில் கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் நம்மில் நிறைய. கோபுரத்தை ஒரு நாள் பார்ப்பீர்கள், அதற்காக ஐந்து இரவுக்கு ஏன் கூடுதல் பணம்? பாரிசில் மெட்ரோ நிலையங்கள் அவ்வளவு நெருக்கம், எங்கிருந்தாலும் ஏதோ ஒன்று நடக்கும் தூரத்தில் இருக்கும். பார்க்க வேண்டியது முகவரியின் அஞ்சல் எண்ணை. 75 என்று தொடங்கினால் நகரத்துக்குள், கடைசி இரண்டு எண் எத்தனையாவது வட்டாரம் என்பதைச் சொல்லும். 75010 என்றால் பத்தாவது, 75018 என்றால் பதினெட்டாவது. மொத்தம் இருபது வட்டாரங்கள், நடுவிலிருந்து நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வெளியே போகும். பெயரில் பாரிஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும் ஹோட்டலின் அஞ்சல் எண் 95 என்றோ 77 என்றோ தொடங்கினால், அது சார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் பக்கத்திலோ டிஸ்னிலாந்து பக்கத்திலோ இருக்கலாம். 93 என்றதும் ஓடிவிடவும் வேண்டாம், மொந்த்ரேய், சேன்-துவான் மாதிரி மெட்ரோ போகும் புறநகர்கள் உண்டு. 2025 சனவரியிலிருந்து மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் தூரம் பார்க்காமல் ஒரே கட்டணம் என்று ஆக்கிவிட்டார்கள் (அப்போது 2.50 யூரோ), விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட். நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வார நாளில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி சுமாருக்கு எல்லாம் நின்றுவிடும், வெள்ளி சனியில் கூட ஒரு மணி நேரம் ஓடும். மலிவு விமானத்தில் வந்து போவே விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதுவும் பாரிஸ் என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது, நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல்.

நம்மவர்கள் மலிவு அறைகளை அதிகம் தேடுவது கார் து நோர், கார் து லெஸ்ட் ரயில் நிலையங்களைச் சுற்றி. கூட்டமும் சத்தமும் ஜேப்படித் திருடர்களும் உள்ள பகுதி என்பது உண்மை, பின்பையை முன்னால் மாட்டிக்கொண்டு நடங்கள். ஆனால் அங்கிருந்து பொடிநடையாக நடந்தால் லா சப்பல் வந்துவிடும். ஈழத்தமிழர்கள் கடை வைத்திருக்கும் தெருக்கள், தமிழில் பெயர்ப்பலகை, கொத்துரொட்டி தட்டும் சத்தம், ரூ பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். கோடையின் கடைசியில் அந்தப் பிள்ளையாருக்குத் தேர் இழுப்பார்கள், தெருவெல்லாம் தேங்காய் சிதறும். நான்கு நாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று நாக்கு செத்துப்போனவருக்கு இந்தப் பக்கம் தங்குவதன் அருமை தெரியும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவது அடுத்த தவறு. பெரும்பாலான ஹோட்டல்களில் அறையில் சமைக்கக் கூடாது, சுவரில் எழுதியே ஒட்டியிருப்பார்கள். பழைய கட்டடம், பழைய ஒயரிங், ஆவி பட்டால் கத்தும் கருவி வேறு. ஒருவர் வைத்த பருப்பு சாதத்துக்காக ஆறு மாடி ஆட்களும் பனியன் ஜட்டியோடு தெருவில் நின்ற கதை எனக்கு நேரில் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன், உறவுக்காரர். சமைத்தே ஆக வேண்டும் என்றால் சின்ன அடுப்படியோடு கூடிய அபார்ட்மென்ட் ஹோட்டலைத் தேடுங்கள்.

ஹோட்டல் காலைச் சாப்பாடு கட்டணத்தில் சேர்ந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் சேராது. பத்து யூரோ சுமாருக்கு அவர்கள் தருவது ரொட்டி, குருவாசான், வெண்ணெய், ஜாம், காப்பி. தெரு முனை ரொட்டிக் கடையில் அதையே சுடச்சுட, பாதிக்கும் குறைவான காசில் சாப்பிடலாம். தண்ணீர் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

குளியலறையைப் பற்றி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியாது. அங்கே குளிக்கும் பெட்டிக்குள் விழும் தண்ணீர் போகத்தான் வழி இருக்கும், குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேற ஓட்டை கிடையாது. நாம் பிறந்ததிலிருந்து ஈரத் தரையில் நின்று வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிப் பழகியவர்கள், திரையை வெளியே தொங்கவிட்டபடி ஆனந்தமாகக் குளிப்போம். தண்ணீர் கதவடி வழியாகக் கம்பளத்துக்கு வரும், அங்கிருந்து மரத் தளம் வழியாகக் கீழ் அறைக்காரர் கூரையில் கறையாக இறங்கும். பிறகு வரவேற்பிலிருந்து தொலைபேசி வரும், சேதத்துக்குப் பணமும் கேட்கலாம். திரையின் கீழ்ப்பகுதி தொட்டிக்குள் இருக்க வேண்டும், குளித்து முடித்ததும் ஒரு துண்டைப் போட்டுத் தரையைத் துடைத்துவிடுங்கள். கழிப்பறையில் காகிதம்தான், கைக்குழாய் இருக்காது. அரை லிட்டர் காலி பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் அங்கேயும் தரை நனையக் கூடாது. துணி துவைத்துச் சன்னலில் காயப்போடும் எண்ணமும் வேண்டாம், காசு போட்டுத் துவைக்கும் கடைகள் எல்லா வட்டாரத்திலும் இருக்கின்றன.

லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்க மறந்தால் 23 கிலோ பெட்டியோடு ஆறாவது மாடிக்குச் சுருள் படியில் ஏறுவீர்கள். இருந்தாலும் அது ஓர் ஆளும் ஒரு பெட்டியும் நிற்கும் அளவாகத்தான் இருக்கலாம். முட்டிவலிக்காரரான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் லிஃப்ட் உண்டு என்ற சொல்லைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மாடிப்படி விளக்கு பொத்தானை அழுத்தினால் எரிந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அணையும், பயப்பட வேண்டாம், கரன்ட் போகவில்லை.

ஐரோப்பா என்றால் குளிர் என்று நினைத்து ஏசி இல்லாத அறையை சூலையில் எடுப்பதும் நடக்கிறது. 2019 சூலை 25 அன்று பாரிசில் 42.6 டிகிரி பதிவானது. மின்விசிறியும் இருக்காது, தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் மேல்மாடி அறை ராத்திரி முழுக்கக் கொதிக்கும். கோடையில் போனால் ஏசி உண்டா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கீழ் மாடியில், தெருப் பக்கம் இல்லாமல் முற்றம் பார்த்த அறையாகக் கேளுங்கள், சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம்.

பணத்தில் மாட்டிக்கொள்வது சுற்றுலா வரியில். இது தலைக்கு, இரவுக்கு என்று கணக்கு, பல தளங்கள் காட்டும் விலையில் இது சேராது, ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். 2024-இல் பாரிசில் இதை ஒரேயடியாக மூன்று மடங்கு சுமாருக்கு ஏற்றினார்கள், இரண்டு நட்சத்திர ஹோட்டலுக்கே தலைக்கு 3 யூரோவைத் தாண்டியது. இருவர் ஐந்து இரவு தங்கினால் 30 யூரோவுக்கு மேல். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போடாதீர்கள், அது அரசு வரி. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கிடையாது, பில்லில் பிள்ளைகளையும் சேர்த்துவிட்டார்களா என்று மட்டும் பாருங்கள். நட்சத்திரமே வாங்காத ஹோட்டலில் இந்த வரி வாடகையில் ஒரு விகிதமாக வரும், சில சமயம் நட்சத்திரம் உள்ளதைவிட அதிகமாகிவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, வரவேற்பு மேசைக்குப் போய் நேராக "ரூம் கீ" என்று ஆங்கிலத்தில் கேட்டீர்களானால் முகம் இறுகிவிடும். போன்ஜூர், அதாவது வணக்கம், சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பது அந்த ஊரில் மரியாதைக் குறைவு. வீட்டுக்கு வந்தவர், நாம் வாங்க என்று சொல்லும் முன்பே தண்ணீர் கொண்டு வா என்றால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான். போன்ஜூர், மாலையில் போன்சுவார், அதன் பிறகு ஆங்கிலம். அந்த மூன்று பாஸ்போர்ட் பெண்மணியிடம் நான் அதைச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சொன்னேன், கீழ் மாடியில் பெரிய அறை ஒன்று காலியாகிறது, வேண்டுமா என்று அவரே கேட்டார்.

அறைக்குள் போனதும் பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். மெத்தை விரிப்பை ஓரத்தில் தூக்கி, தையல் ஓரங்களிலும் கட்டில் தலைமாட்டிலும் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள், கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. 2023-இல் பாரிசே இதைப் பேசி அலறியது. இருந்தால் உடனே படம் எடுத்துக்கொண்டு கீழே போய் வேறு அறை கேளுங்கள், ஓர் இரவு தூங்கிவிட்டுக் கேட்டால் அது உங்கள் பெட்டியிலும் ஏறியிருக்கும்.

காலை ஏழு மணிக்கு விமானம் இறங்குகிறது என்றால் அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், கெஞ்சிப் பயனில்லை. பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகலாம், பெரும்பாலும் அதற்குக் காசு வாங்குவதில்லை. மாற்றுப் பின் (அடாப்டர்) ஒன்று ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. ராத்திரி வரவேற்பில் ஆள் இருப்பாரா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லை என்றால் வாசல் கதவுக்கு ஓர் எண் தருவார்கள், அதைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிப் பர்சில் செருகுங்கள். சார்ஜ் தீர்ந்த கைப்பேசியோடு நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, உள்ளே இருக்கும் வேறு யாராவது சிகரெட் பிடிக்க வெளியே வருவாரா என்று நாற்பது நிமிடம் காத்திருந்திருக்கிறேன்.